கறுப்புக் காரின் வயசு

கப்பலில் வந்த பழைய இத்தாலி ஸ்போர்ட்ஸ் காருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தவன் சூசை. முதலாளி சொன்னபடி, அதைப் பதிவு செய்ய ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுபோனான்.

முறுக்கு மீசை அதிகாரி காரைச் சுற்றி வந்தார். "வெளிநாட்டுப் பழைய கார்னா ஐம்பது வயசு தாண்டியிருந்தாத்தான் பதிவு. இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவேன்."

"ஐம்பத்தெட்டு ஆச்சுங்க ஐயா. பேப்பர்ல இருக்கு."

"பேப்பர் கிடக்கட்டும்யா. இந்தப் பளபளப்பைப் பார்த்தா எவன் நம்புவான்?"

சூசை அவருடைய மீசையைப் பார்த்தான். கன்னங்கரேல் என்று இருந்தது.

"அடுத்த மாசம் நீங்க ரிட்டயர் ஆகுறீங்களாமே. மீசையைப் பார்த்தா நானும் நம்பமாட்டேங்க. பேப்பரைப் பார்த்துத்தானே வீட்டுக்கு அனுப்புறாங்க?"

ஆபீஸே சிரித்தது. அதிகாரிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, சூசையின் காதருகே குனிந்தார்.

"தம்பி, இந்தக் கறுப்பு எந்தக் கடையில வாங்கினே?"