மிக்கேல் சாரின் கடல் கணக்கு

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை அரும்பியிருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டுவைக்கவில்லை. இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் ருக்கையா. பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணினி மையத்துக்குத் தலைவர். சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. பெயர் சூசைமிக்கேல். கடற்கரையோரக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறவர், தலை நரைத்த பிறகு ஆராய்ச்சி மாணவராக இங்கே வந்து சேர்ந்தவர்.

அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை சார் என்பார். குரு, சீடன் என்ற பேச்சே இருவருக்கும் இடையில் வந்தது கிடையாது.

நூற்றுக்கணக்கான கணினிகளை அடுக்கிக் கட்டி, ஒரே எந்திரமாக ஓடவிட்டிருக்கும் கூடம் அது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே சாமி ஒன்றும் இல்லை, தூசி ஆகாது, அவ்வளவுதான். ஆனாலும் போகிறவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

மழையைக் கணக்கிடுகிறவர்கள், மருந்தைக் கணக்கிடுகிறவர்கள், நட்சத்திரத்தைக் கணக்கிடுகிறவர்கள் என்று பல்கலைக்கழகமே அந்த எந்திரத்தின் முன்னால் வரிசையில் நின்றது. எல்லோருக்கும் ஒரே விதி. எந்தக் கணக்கும் ஒரு தடவையில் மூன்று நாளுக்கு மேல் ஓடக் கூடாது. ஓடினால் எந்திரமே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். துணைவேந்தரின் கணக்காக இருந்தாலும் அதே கதிதான்.

மிக்கேல் சாரின் கணக்கு இரண்டு முறை அப்படி வெளியே விழுந்திருந்தது.

அவருடைய கணக்கு கடலைப் பற்றியது. அவர் ஊரின் வடக்கு எல்லையில் தூண்டில் வளைவு கட்டப் போகிறார்கள். பாறாங்கற்களைக் கரையிலிருந்து கடலுக்குள் வளைத்துக் கொட்டும் வேலை. ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கடல் கரையைத் தின்னும். தின்னப்போகிற பக்கத்தில்தான் அவர் தங்கை செலின் குடியிருக்கும் தெரு இருந்தது. ஊர்க்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "உணர்ச்சிவசப்படாதீங்க, ஆதாரம் இருந்தா கொண்டாங்க" என்று அதிகாரிகளிடமிருந்து பதில் வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது.

மிக்கேல் சார் செருப்பைக் கழற்றிவிட்டு ருக்கையாவின் அறைக்குள் போனார்.

"மேடம், எனக்கு மட்டும் இந்த மூணு நாள் கெடுவைத் தளர்த்தணும்."

"எவ்வளவு வேணும் சார்?"

"ஒம்பது நாள். பன்னெண்டு இருந்தா நல்லது."

"ஒம்பதா, பன்னெண்டா?"

"பன்னெண்டே போட்டுக்கோங்க. எதுக்கும் இருக்கட்டும்."

'எதுக்கும் இருக்கட்டும்' என்ற சொல்லைக் கேட்காமல் ருக்கையாவுக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. அந்த அறைக்கு வருகிற யாருமே தேவையானதைக் கேட்பதில்லை; பயத்துக்கும் சேர்த்துத்தான் கேட்பார்கள். அவர் மறுபேச்சுப் பேசாமல் திரையை மிக்கேல் சார் பக்கம் திருப்பினார்.

கட்டம் கட்டமாக நிறங்கள் தெரிந்தன. குறுக்கே நேரம், நெடுக்கே கணினிகள்.

"இந்தப் பச்சை யாரு?"

"மருந்து ஆராய்ச்சி."

"நீலம்?"

"மழை. அவங்க போன மாசத்திலேருந்து காத்திருந்தாங்க."

"நடுநடுவுல வெள்ளை வெள்ளையா இருக்கே?"

"அது யாருக்கும் இல்லாத நேரம். ஒருத்தர் முடிச்சு அடுத்தவர் வர்றதுக்குள்ள சும்மா கிடக்குறது."

மிக்கேல் சார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அதை எனக்குக் கொடுங்களேன்!"

"தாராளமா எடுத்துக்கோங்க. இது ரெண்டு மணி நேரம். இது மூணு. அந்த மூலையில ஒரு அஞ்சு இருக்கு."

"என்ன மேடம் இது, யானைப் பசிக்குச் சோளப்பொரியா?"

"பொரி நிறைய இருக்கு சார்."

"துண்டு துண்டா ஓடவிட இது சம்பளக் கணக்கா? கடல் மேடம். அலை பாதியில நிக்குமா?"

"நிக்காது."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒரே மூச்சில முடியணும். அந்த மழைக்காரங்களைக் கொஞ்சம் நிறுத்திவைக்கக் கூடாதா? மழை வர்றதுக்கு இன்னும் நாள் இருக்கு."

"அவங்களை எழுப்பிட்டு உங்களை உட்கார வெச்சா, நாளைக்கு உங்களை எழுப்பச் சொல்லி ஒருத்தர் வருவார் சார்."

மிக்கேல் சாருக்கு முகம் சிவந்தது. இந்தப் பெண்ணுக்குக் கடல் என்றால் என்ன தெரியும், குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைக் கட்டத்தைக் காட்டுகிறது என்று நினைத்தார். அப்படி நினைத்தது நியாயமில்லை என்று அவருக்கே தெரியும். ஆனால் தங்கையின் வீடு மனசில் இருக்கும்போது நியாயம் எங்கே பார்க்க முடிகிறது? நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சரி. நான் போறேன்."

கதவருகே போகும்போது ருக்கையா கேட்டார்.

"சார், உங்க ஊர்ல 'போறேன்'னு சொல்லிட்டா வீட்டை விட்டுக் கிளம்புவாங்க?"

மிக்கேல் சார் அப்படியே நின்றுவிட்டார். யார் வீட்டிலும் சொல்லக் கூடாத சொல்தான். ஆனால் கடலுக்குப் போகிற ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம். போகிறவன் வாயில் அது தவறி வந்துவிட்டால் அன்றைக்கு வள்ளத்தைத் தள்ளவே விடமாட்டார்கள். ஐம்பத்திரண்டு வயது வரை அவர் நாக்கில் வராத சொல், கோபத்தில் வந்துவிட்டது. கூசிப்போனார்.

"மன்னிக்கணும். போயிட்டு வர்றேன்" என்றார்.

"நீங்க திருத்திக்கிட்டீங்க. உங்க கணக்கு மட்டும் ஏன் சார், ஒவ்வொரு தடவையும் 'போறேன்'னு சொல்லிட்டுப் போகுது?"

மிக்கேல் சார் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஓடுகிற கணக்கு, தான் எதுவரை வந்தோம் என்பதை அவ்வப்போது எழுதிவைத்துக்கொள்ளலாம். வெளியே தள்ளப்பட்டாலும் அடுத்த முறை அங்கிருந்தே தொடரலாம். அவருடைய புரோகிராமிலும் அதற்கான வரிகள் இருந்தன. அவர்தான் அவற்றை நீக்கிவிட்டிருந்தார்.

"எழுதிவைக்கிறதுக்கே பத்துல ஒரு பங்கு நேரம் போச்சு மேடம்" என்றார், தரையைப் பார்த்தபடி. "அதை மிச்சம் பிடிக்கலாம்னுதான்..."

"மிச்சம் பிடிச்ச நேரம் எங்க சார்?"

இரண்டு முறை மூன்று மூன்று நாளாக ஓடிய கடல், ஒரு சொட்டுகூட மிஞ்சாமல் போயிருந்தது.

அன்று சாயங்காலமே வரிகளைத் திரும்பச் சேர்த்தார். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்களே, அது அவருக்கும் நடந்தது. முதல் வெள்ளைக் கட்டத்தில் கணக்கு ஓடி, நின்று, அடுத்த கட்டத்தில் தொடர்ந்தபோது திரையில் ஒரு விசித்திரம் தெரிந்தது. அலை விட்ட இடத்திலிருந்து ஒழுங்காக வந்தது. கரை மட்டும் அரிப்பே காணாத முதல் நாள் கரையாக, புத்தம் புதிதாகக் கிடந்தது. ருக்கையாவிடம் ஓடினார்.

"கடலை எழுதிவெச்சேன் மேடம். மணலை எழுதிவைக்க மறந்துட்டேன்."

இந்த முறை ருக்கையா சிரித்தேவிட்டார். "திரும்பி வர்றவனுக்குக் கரை இருந்த இடத்துல இருக்கணும்ல சார்?"

மிக்கேல் சாரும் சிரித்தார். அந்த அறையில் அவர் சிரித்தது அதுதான் முதல் முறை.

மணலும் சேர்ந்தது. அதன் பிறகு கணக்கு எங்கெங்கோ நுழைந்து புறப்பட்டது. மருந்துக்காரர்கள் முன்னதாக முடித்துப் போனால் அந்த இடத்தில் இரண்டு மணி நேரம். யாரோ தப்பாக எழுதிய புரோகிராம் நின்றுபோனால் அங்கே ஒரு மணி நேரம். கூட்ட நெரிசலான பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் போய்ச் சேருகிறவனைப்போல, உட்கார இடம் கேட்காமல் போய்க்கொண்டே இருந்தது. வெளியே தள்ளப்பட்டால் வருத்தப்படவும் இல்லை. காலையில் மிக்கேல் சார் வந்து பார்ப்பார். கரை நேற்றைவிடக் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். அரித்துக்கொண்டு வருவது தன் தங்கையின் தெருவை என்று தெரிந்தும், கணக்கு நகர்கிறதே என்று ஒரு சந்தோஷம் வரும். அந்தச் சந்தோஷத்துக்காக உடனே வெட்கப்படுவார்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் கணக்கு முடிந்தது. வடக்கே கல் போட்டால் தெரு இரண்டு வருஷம் தாங்காது என்று வந்தது.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுக் கூட்டம் நடந்தது. மிக்கேல் சார் திரை கட்டிக் காட்டினார். கல் இல்லாத கரை, வடக்கே கல் போட்ட கரை, அதற்கு மாற்றாகத் தெற்கே கல் போட்ட கரை. பேசிக்கொண்டிருந்த பந்தல் அடங்கியது. அதிகாரிகள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். கடைசியில் மூத்த அதிகாரி, "இது ஆடி மாசக் கடலுக்கு மட்டும்தானே சார்? வடகிழக்குக் காத்து அடிக்கும்போது என்ன ஆகும்?" என்றார்.

"அதை இன்னும் போட்டுப் பார்க்கலை."

"போட்டுப் பாருங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி கூடுவோம்."

பந்தல் பிரியும்போது செலின் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, படம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நமக்க வீடு நிக்குமா, நிக்காதா? அத மட்டும் சொல்லு."

வடகிழக்குக் காற்றுக் கணக்கைப் போடாமல் அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. ஊர் முழுக்கத் தன்னையே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு முழுப் பதிலோடு வர முடியாமல் போயிற்றே என்று குமைந்தார். மறுநாள் நேராகக் கணினி மையத்துக்குத்தான் வந்தார்.

ருக்கையா டீ வரவழைத்தார். அவர் குடிக்கவில்லை.

"என்ன சார் ஆச்சு?"

"தள்ளிவெச்சுட்டாங்க மேடம். இவ்வளவு பாடுபட்டும் ஒண்ணும் முடியலை. இன்னும் மூணு மாசம். எல்லாம் மறுபடி முதல்லேருந்து."

"வடக்கே கல் போடுறதா இருந்தாங்களே, அது?"

"அதை விட்டுட்டாங்க. மேடையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க."

"தெற்கே?"

"போடலாமா வேண்டாமான்னு என்னோட அடுத்த கணக்கைப் பார்த்துட்டுத்தான் சொல்வாங்களாம்."

"உங்க கணக்கையா?"

"ஆமா. என்னோட கணக்கைத்தான்."

"தங்கச்சி வீடு?"

"வடக்கே கல் விழாது. தெற்கே என்னன்னு முடிவாகுற வரைக்கும் நிக்கும்."

"ஆடி மாசக் கணக்கு முடிவுல கரை எப்படி இருந்ததுன்னு எழுதிவெச்சிருக்கீங்களா?"

"இருக்கு. மணலோட சேர்த்து இருக்கு."

ருக்கையா டீ தம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அப்போ எது சார் முதல்லேருந்து?"