கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு துப்பாக்கி

"எந்தத் துப்பாக்கி வாங்கட்டும், டீச்சர்?"

இருதயசாமி உட்காரக்கூட இல்லை. லைசென்ஸ் தாளை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். உப்பளத்தில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். அறுபது வயது.

மெஹருன்னிசா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். போலீஸ் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு, இப்போது ரைஃபிள் கிளப்பில் சுடக் கற்றுக்கொடுக்கிறார். ஆறு மாதமாக இருதயசாமிக்கும் அவர்தான் டீச்சர்.

"எதுக்குத் துப்பாக்கி?"

"போன வருஷ வெள்ளத்துல மூணு பேரு கதவை உடைச்சு உள்ள வந்தானுவ. என் வீட்டுக்காரி செசிலியா கட்டில்ல கெடக்கா. வாதம் வந்ததுல இருந்து கை கால் வராது. அவ கண்ணு முன்னாலயே பீரோவைத் துடைச்சு எடுத்தானுவ. நான் அருவாமணையைத் தூக்கிட்டு நின்னேன்."

கொஞ்சம் நிறுத்தினார்.

"சிரிச்சானுவ, டீச்சர். இந்த மழைக்கு ஒருத்தனும் சிரிக்கக் கூடாது."

மெஹருன்னிசா சிரிக்கவில்லை.

"அக்கா எத்தனை கிலோ இருப்பாங்க?"

"நாப்பத்தெட்டு."

சுடும் திடலில் அடுக்கியிருந்த மண் மூட்டைகளில் ஒன்றை அந்த எடைக்குக் கட்டச் சொன்னார். பழுதாகி ஒதுக்கிவைத்த துப்பாக்கிகளில் ஓர் இரட்டைக் குழலை எடுத்துக்கொண்டார். கிளப்புக்குப் பின்னால் இருந்த குளத்துக்கு இருவரும் போனார்கள்.

"இந்தக் குளம்தான் வெள்ளம். இது அக்கா. இது துப்பாக்கி. அக்கா முங்கக் கூடாது. துப்பாக்கி நனையக் கூடாது. அந்தக் கரைக்குப் போங்க, அண்ணாச்சி."

பாதிக் குளத்தில் துப்பாக்கி உயரத்தில் இருந்தது. மூட்டை தண்ணீருக்குள் இருந்தது.

மறுநாள் ரைஃபிள். தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். சேற்றில் கால் புதைந்து எல்லாமே நனைந்தன.

"வேற துப்பாக்கி கொடுங்க," என்றார், இருமிக்கொண்டே.

"விட மாட்டீங்களா?"

"மாட்டேன்."

மூன்றாம் நாள், அதே பழுதானவற்றிலிருந்து ஒரு ரிவால்வர். அதைப் பாலிதீன் பையில் சுற்றித் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டார். மூட்டையைத் தோளில் ஏற்றினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. நிற்கவில்லை. எதிர்க்கரை நெருங்க நெருங்கத் தண்ணீர் மார்புக்கு இறங்கியது.

"இதுதான், டீச்சர்! இதையே வாங்கிடுறேன்!"

மெஹருன்னிசா அந்தக் கரையில் நின்றிருந்தார்.

"நான்தான் அந்த மூணு பேரு. சுடுங்க."

இருதயசாமி ஒரு கையால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தலைப்பாகையைத் துழாவினார். பையைப் பல்லால் கிழித்தார். ரிவால்வரை எடுத்து நீட்டினார்.

மூட்டை சரிந்தது.

சட்டென்று பிடித்துவிட்டார். தண்ணீர் தொடுவதற்குள் நெஞ்சோடு சேர்த்து அணைத்துத் தூக்கிவிட்டார்.

"பிடிச்சிட்டேன்," என்றார். "முங்கல."

"துப்பாக்கி எங்க, அண்ணாச்சி?"

இருதயசாமி தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் மூட்டையைச் சுற்றி இறுகியிருந்தன.

மூட்டையை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"மழை என்னைக்கு ஆரம்பிக்கும்னு சொல்லியிருக்கான்?"

"வெள்ளிக்கிழமை."

"அப்போ புதன்கிழமைக்கே அவளை மேட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஒரு வேன் சொல்லணும்."

மூட்டையை இறக்காமலே கரையேறி ரோட்டைப் பார்த்து நடந்தார்.