ஒரே மேசையில் இரண்டு அந்நியர்கள்

பேராசிரியர் மாசிலாமணியை மாணவர்கள் குரு என்றுதான் கூப்பிடுவார்கள். திருச்சியில் ஒரு கல்லூரியில் நிகழ்தகவுக் கணக்கு சொல்லிக்கொடுப்பவருக்கு அது கொஞ்சம் பெரிய பட்டம். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தார், பையன்கள் கேட்கவில்லை.

ரீகன் இறந்து பதினேழாம் நாள் மத்தியானம் பரிதி அவர் அறைக்கு வந்தான். கையில் நாலு தாள் இருந்தது.

"உக்காரு," என்றார் குரு.

அவன் உட்காரவில்லை. "ஒரு கணக்கு சார். சரியான்னு நீங்க பாக்கணும்."

பரிதியும் ரீகனும் வகுப்பிலேயே மூளைக்காரர்கள். மூளை ஜாஸ்தியானால் அது சும்மா இருக்க விடாதே. கோவாவில் ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பலில் பிளாக்ஜாக் என்று ஒரு சீட்டாட்டம். விழுந்த சீட்டுகளை மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டே வந்தால், பெரிய சீட்டுகள் மிச்சமிருக்கும் நேரம் தெரிந்துவிடும். அந்த நேரம் பார்த்துப் பணம் கட்டினால் கப்பல்காரனையே ஜெயிக்கலாம். ரீகன் எண்ணிக்கொண்டு ஜாடை காட்டுவான், பரிதி கட்டுவான்.

இருவரும் கூட்டு என்று தெரிந்தால் வெளியே தள்ளிவிடுவார்கள். அதனால் பரிதி ஒரு விதி எழுதினான்: நீ யாரோ, நான் யாரோ. பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று கல்லூரி மெஸ்ஸிலும் பேசாமலே இருந்தார்கள். வாடகைக்குப் பிடித்த ஒரு மாடி அறையில் மட்டும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். இந்த விஷயம் குரு ஒருவருக்குத்தான் தெரியும். பெருமை தாங்காமல் அவர்களே வந்து சொன்னதுதான்.

ரீகனுக்குச் சர்க்கரை வியாதி, சின்ன வயதிலிருந்தே. கடைசியாகக் கப்பலுக்குப் போன அன்று இன்சுலின் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாமல் மேசையிலேயே இருந்துவிட்டான். ஆட்டம் அவ்வளவு சாதகமாகப் போய்க்கொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணி வாக்கில் நாற்காலியிலிருந்து சரிந்தான். குடித்திருக்கிறான் என்று நினைத்து ஊழியர்கள் ஒரு சோபாவில் படுக்கவைத்தார்கள். இவரோடு வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று சீட்டுப் போடும் பெண் கேட்டாள். பரிதி தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கட்டு முடியட்டும் என்று நினைத்தான். அது முடிந்ததும், அடுத்த கட்டு முடியட்டும் என்று நினைத்தான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஊழியர்களுக்கே பயம் வந்து, படகில் கரைக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரீகன் கண் விழிக்கவேயில்லை. மூன்றாம் நாள் போய்விட்டான். இருபத்தொரு வயது.

குரு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாள்களை வரிவரியாகப் படித்தார். சர்க்கரை இறங்கும் வேகம், படகு கரைக்கு வர ஆகும் நேரம், எல்லாவற்றையும் போட்டிருந்தான். அந்தப் பெண் கேட்டபோதே வாயைத் திறந்திருந்தால் ரீகன் பிழைத்திருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாய்ப்பு என்று கடைசித் தாளில் விடை இருந்தது.

"கணக்கு சரிதான்," என்றார்.

எங்காவது ஒரு தப்பு கண்டுபிடிப்பார் என்று நம்பித்தான் பரிதி வந்திருந்தான். அவனுக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

"அவங்கம்மா தூத்துக்குடியிலேர்ந்து வந்திருக்காங்க சார். ஹாஸ்டல்ல ரூம் ரூமாப் போய்க் கேக்கறாங்க. எம்புள்ளைய கடைசியா யாரு பாத்தீங்க, எதாச்சும் சொன்னானான்னு. எங்கிட்டயும் கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"மெஸ்ல பாத்திருக்கேன், பழக்கமில்லன்னு சொன்னேன்."

குரு தாள்களை மேசையில் வைத்தார்.

"அவன் ஊசி எப்பப் போடுவான்?"

"சாப்பாட்டுக்குக் கால் மணி முன்னாடி சார்."

"சர்க்கரை இறங்கினா?"

"முதல்ல கை நடுங்கும். அப்புறம் சம்பந்தமில்லாம சிரிப்பான்."

"அன்னிக்குச் சிரிச்சானா?"

"சிரிச்சான் சார். என்னையப் பாத்துத்தான் சிரிச்சான்."

குருவின் கண் கலங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"சீட்டை எண்ணற கணக்கைச் சொல்லிக்குடுத்தது நான். உங்க விதியைக் கேட்டுட்டு, கெட்டிக்காரப் பசங்கன்னு தட்டிக்குடுத்ததும் நான்தான்," என்றார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வா. அந்தம்மாகிட்ட போவோம்."

"சொன்னா அவங்க தாங்க மாட்டாங்க சார்."

குரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பரிதி இரண்டடி வைத்தான். அங்கேயே நின்றுவிட்டான்.

"எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல சார்."

"அவனை எனக்குத் தெரியும்னு ஆரம்பி."