அமைச்சர் முத்திரையிட்ட வெற்றேடு

"என்ன வேண்டும் என்று தெரிந்து வருகிறவனுக்கு ஏட்டை எடுத்துக் கொடுங்கள். என்ன வேண்டும் என்று தெரியாமல் வருகிறவனுக்கு..."

அதற்கு மேல் மகிழ்மாற ராஜாவுக்கு ஞாபகம் வரவில்லை. அவருடைய பாட்டனார் சுவடிச்சாலையைத் திறந்துவைத்த அன்று பேசிய பேச்சு அது. அப்போது ராஜா சின்னக் குழந்தை. பாட்டனார் மடியில் உட்கார்ந்து கேட்டார், பாதியில் தூங்கிவிட்டார்.

"தெரியாமல் வருகிறவனுக்கு என்ன செய்யச் சொன்னார்? சபையில் யாருக்காவது தெரியுமா?"

குறுங்காட்டுச் சீமையில் யானையும் உண்டு, கணினியும் உண்டு. எந்தக் காலம் என்று மட்டும் கேட்கக் கூடாது. சுவடிச்சாலையிலிருந்த ஓலைகளையெல்லாம் படமெடுத்துக் கணினிக்குள் ஏற்றியிருந்தார் அமைச்சர் அனந்தபாலர். எந்தச் சொல்லைக் கேட்டாலும், எந்தச் சுவடியில், எந்த ஏட்டில் என்று அது கண் இமைப்பதற்குள் சொல்லிவிடும். அமைச்சர் தட்டிப் பார்த்தார்.

"அப்படி ஒரு பேச்சே இல்லை, மகாராஜா."

"இல்லையா? என் காதால் கேட்டேனய்யா!"

"கனவாக இருக்கலாம். தாங்கள்தான் தூங்கிவிட்டீர்களே."

சபை சிரிப்பை விழுங்கியது. ராஜாவின் முகம் தொங்கிப்போயிற்று. அதுதான் சமயம் என்று அமைச்சர் அடுத்த காயை நகர்த்தினார்.

"எல்லாம் கணினிப் பெட்டிக்குள் வந்தாயிற்று. இனிச் சாலை எதற்கு? இடித்துவிட்டு நாட்டிய மண்டபம் கட்டலாம். எழுத்தே இல்லாத வெற்றேடுகள் ஒரு வண்டி தேறின. அரண்மனை வெந்நீர் அடுப்புக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன்."

"என்னவோ செய்யும்" என்றார் ராஜா.

சபையின் விகடகவி விருத்தகிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். மதியம் சாப்பிட்டதும் அவர் போகிற இடம் அந்தச் சாலைதான். ஏதாவது ஒரு கட்டைப் பிரிப்பார். தேடாத ஒன்று கிடைக்கும். படித்தபடியே கண்ணயர்வார். மறுநாள் சபையில் அவர் அடிக்கிற கூத்துக்கெல்லாம் அங்கேதான் விதை. சாலை போனால் அவருக்குப் போக்கிடம் இல்லை.

அது போகட்டும். வெற்றேடு ஒரு வண்டியா? ஓலையை வெட்டிப் பதப்படுத்திக் கட்டிவைத்தவன் எழுதாமலா விட்டான்?

"அமைச்சரே, படமெடுக்குமுன் ஏடுகளைத் துடைத்தீர்களோ?"

"பின்னே? அழுக்கோடா படமெடுப்பார்கள்? கை பட்டுப் பட்டுக் கறுத்துக் கிடந்தவற்றை மட்டும் மருந்துத் தண்ணீர் போட்டுத் துடைத்தோம். பளபளவென்று ஆகிவிட்டன, ஓய்!"

"பலே!" என்று சொல்லிவிட்டு விருத்தகிரி நழுவினார்.

மறுநாள் காலை. கடப்பாரைக்காரர்கள் வாசலில் காத்திருந்தார்கள். விருத்தகிரி ஒற்றை ஓலையோடு சபைக்குள் வந்தார்.

"மகாராஜா, இடிக்குமுன் இந்த ஓர் ஏட்டை அமைச்சர் சோதித்துவிட்டால் என் மனசு ஆறிவிடும்."

அமைச்சர் ஓலையைப் பெட்டியின் கீழ் வைத்தார். எழுத்து இல்லை என்றது பெட்டி.

"கண்ணாலும் ஒரு தரம் பாருங்களேன்."

"பெட்டி பார்த்த பிறகு கண் எதற்கு? வெற்றேடு!"

"அப்படியானால் கீழே உங்கள் முத்திரையை வைத்துவிடுங்கள். இதில் ஏதோ இருந்தது என்று பின்னால் நானே வம்புக்கு வரக்கூடாது பாருங்கள்."

அமைச்சர் சிரித்துக்கொண்டே அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்.

விருத்தகிரி நேரே குத்துவிளக்கிடம் போனார். அதில் படிந்திருந்த கரியை வழித்து, சொட்டு எண்ணெயில் குழைத்து, ஓலை முழுக்கப் பூசினார். மேல்துண்டு நுனியால் துடைத்தார். ஓலையில் கறுப்புக் கறுப்பாக எழுத்துகள் எழுந்து நின்றன.

ராஜா வாங்கி உரக்கப் படித்தார். "அமைச்சர் அனந்தபாலனாகிய நான் எழுதிக் கொடுப்பது. சாலையின் ஒரு கல்லையும் தொடமாட்டேன். நான் துடைத்த ஏடுகளுக்கெல்லாம் என் கையாலேயே மை பூசித் தருவேன்."

"மோசடி!" என்று குதித்தார் அமைச்சர். "அது வெற்றேடு!"

"அப்படிச் சொல்லித்தானே முத்திரை வைத்தீர்கள்?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"எழுத்தாணி ஓலையைக் கீறத்தான் செய்யும், மகாராஜா. கீறலில் கரி ஏறினால்தான் எழுத்து கண்ணுக்குப் படும். இவர் ஆட்கள் அழுக்கோடு சேர்த்துக் கரியையும் துடைத்துவிட்டார்கள். அதிலும் எவற்றை? கை பட்டுக் கறுத்தவற்றை. ஊரே எடுத்து எடுத்துப் படித்தவற்றை!"

ராஜாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. "ஐயையோ, வெந்நீர் அடுப்பு! இன்று காலை நான் குளித்தேனே!"

"தண்ணீர் சில்லென்று இருந்திருக்குமே?"

"பல்லெல்லாம் தந்தியடித்ததய்யா!"

"மன்னிக்கணும். வண்டியை நேற்றே என் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்."

வண்டி வந்தது. பாட்டனார் காலத்துக் கட்டுகளுக்கு மேலும் கீழும் சந்தனப் பலகை வைப்பது வழக்கம். விருத்தகிரி கட்டுகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து ஒன்றை உருவினார். அமைச்சர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முழங்கை வரை கரியாக, ஏடு ஏடாக மை பூசினார். பாதிக் கட்டு தாண்டியதும் ராஜா அவர் கையிலிருந்து ஓர் ஏட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"என்ன வேண்டும் என்று தெரியாமல் வருகிறவனுக்கு," என்று படித்தார். "உட்கார இடம் கொடுங்கள்."

ராஜா கடப்பாரைக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். கணினியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவடிச்சாலைக்குள் வைக்கச் சொன்னார். அதற்கு எதிரே பாய் விரிக்கச் சொன்னார்.