மூச்சு விடாத முள்ளம்பன்றி

காட்டுக்கு நடுவே ஒரு மடு. மடுவில் ஒரு நீர்நாய் குடியிருந்தது. கரைமேட்டு வளையில் சடையன் என்கிற முள்ளம்பன்றி, அவன் மனைவி சிலுப்பி, இரண்டு குட்டிகள்.

அந்தக் கோடையில் மண் பாறையாக இறுகிவிட்டது. தோண்டித் தோண்டிச் சடையனுக்கு நகம் தேய்ந்ததுதான் மிச்சம். பசியில் குட்டிகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு கிடந்தன.

நீர்நாய்க்கு மனசு கேட்கவில்லை.

"சடையா, மடுவின் அடியில் தாமரைக் கிழங்கு குவிந்து கிடக்கிறது. நான் மீன் தின்கிறவன், எனக்கு அது எதற்கு? மழை வரும்வரை உன் வீட்டுக்குத் தாங்கும்!"

"எனக்கு முங்கத் தெரியாதே!"

"கற்றுக் கொடுக்கிறேன், வா!"

பெரிய சுரைக்குடுக்கை நிறையக் காற்று. அதில் செருகிய பப்பாளிக் காம்பு, மூச்சுக் குழாய். சுற்றுலா வந்த புண்ணியவான்கள் வீசிவிட்டுப் போன பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, கொடியால் முகத்தில் கட்டினால் கண்ணாடி. மிதக்காமல் இருக்க இடுப்பில் ஒரு கல். சடையன் தயார்!

சடையனிடம் ஒரு குணம் உண்டு. எதைச் சொன்னாலும் பாதியிலேயே "தெரியும், தெரியும்!" என்பான். தெரியாததைச் சொன்னால் இன்னும் சீக்கிரம் சொல்வான்.

"குழாயை வாயில் வைத்துக்கொள்," என்றது நீர்நாய்.

"தெரியும்!"

"அவசரப்பட்டு இறங்காதே."

"தெரியும்பா!"

"முக்கியமான விஷயம் ஒன்று. மூச்சு விடக் கூடாது..."

"தெரியும், தெரியும்!" என்று சடையன் தொபுக்கென்று குதித்துவிட்டான்.

"...காட்டுப்பன்றிகளுக்குத் தெரிந்தால் மடுவையே உழுதுவிடும்! யாரிடமும் சொல்லாதே!" என்று நீர்நாய் சொன்ன மீதியை, மேலே வந்த நீர்க்குமிழிகள்தான் கேட்டன.

நீருக்குள் சடையன் ஒரு மூச்சு இழுத்தான். விடவில்லை. கண் பிதுங்கியது. விடவில்லை. இனி முடியாது என்றானபோது, திருடனைப் போலக் கொஞ்சமாய் வெளியே விட்டான். அடுத்ததை இழுத்து மறுபடியும் அடக்கினான். இப்படியே ஒரு கட்டுக் கிழங்கோடு கரையேறினான். குட்டிகள் பாய்ந்து தின்றன.

சடையன் சுரைக்குடுக்கையைத் தட்டிக் காட்டினான். "பார்த்தாயா சிலுப்பி! காற்று முக்கால்வாசி அப்படியே இருக்கிறது! என்னைப்போல் சிக்கனமாக முங்க யாரால் முடியும்?"

"மிச்சம் பிடித்த காற்றை யாருக்குச் சீர் கொடுக்கப் போறீங்க?" என்றாள் சிலுப்பி. "அது இருக்கட்டும், ஏன் தலையைப் பிடிச்சுக்கிட்டே பேசறீங்க?"

தலைக்குள் யாரோ உலக்கை போட்டு இடிக்கிற மாதிரி வலி! மறுநாள் முங்கினான், மறுபடியும் வலி. அதற்கடுத்த நாளும் அப்படியே.

"நீர்நாயிடமே கேளுங்களேன்!" என்றாள் சிலுப்பி.

"அவனிடமா? தலைவலிக்கிறது என்று போய் நின்றால் என் மரியாதை என்ன ஆவது?"

மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு, சடையன் ஊரெல்லாம் கேட்கக் கிளம்பினான். தலைவலிக்கு வைத்தியம் சொல்லாத பிராணி எந்தக் காட்டில் இருக்கிறது?

கொக்கு சொன்னது: "அண்ணே, முகத்தில் கொடியை இறுக்கிக் கட்டியிருப்பீங்க! அதான் வலி. ஆமாம், எதுக்கு முங்கறீங்க?"

"தாமரைக் கிழங்குக்கு!" என்றான் சடையன்.

கொடியைத் தளர்த்தினான். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததே தவிர, வலி போகவில்லை.

குரங்கு சொன்னது: "என்ன மாமா, முகம் சுண்டிப் போச்சு? குழாயைப் பல்லால் கடிச்சுக்கிட்டே இருந்தால் தாடை இறுகித் தலை வலிக்கும்! அவ்வளவு கிழங்கா கிடக்குது?"

"குவியல் குவியலாக!" என்றான் சடையன்.

குழாயை இதழால் மட்டும் பிடித்தான். வலி போகவில்லை. கொக்கு சொன்னதும் குரங்கு சொன்னதும் பொய்யில்லை. அப்படியும் தலைவலி வரும். ஆனால் அதெல்லாம் வேறு யாருடைய தலைவலியோ.

செய்தி காதில் விழுந்ததும் கிழட்டுக் காட்டுப்பன்றியே, வைத்தியன் என்று சொல்லிக்கொண்டு, சடையனைத் தேடி வந்துவிட்டது. அதன் கண்ணில் ஒரே கருணை!

"அடடா, தம்பி! நாக்கை நீட்டு. சளி கட்டியிருக்கிறதா? மூக்கடைப்போடு இறங்கினாயா? வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காமல் முங்கினாயா? அடியில் ரொம்பக் குளிரோ?"

"அதெல்லாம் ஒன்றும் இல்லை, வைத்தியரே!"

பன்றி தாடையைச் சொறிந்தது. "அப்படியானால் இடத்தில்தான் கோளாறு. எந்த மடு? எந்தப் பக்கம் கிழங்கு? அது தெரியாமல் நான் எப்படி மருந்து சொல்வது?"

சடையன் முள்ளால் தரையில் படமே போட்டுக் காட்டினான். ஆழம் இங்கே, சேறு இங்கே, நல்ல கிழங்கு இங்கே!

பன்றி படத்தை வெகுநேரம் பரிசோதித்தது. "நாளைக்கு முங்கவே கூடாது! வளைக்குள் கண்ணை மூடிப் படு. வெளியே என்ன சத்தம் கேட்டாலும் எழுந்து வராதே. சத்தம் தலைக்கு ஆகாது!"

சடையன் அப்படியே செய்தான். சத்தம் கேட்டது. பலமாகவே கேட்டது. அவன் காதில் இலையை அடைத்துக்கொண்டு படுத்தான். பொழுது சாய்ந்தபோது தலைவலி சுத்தமாக நின்றிருந்தது.

"சிலுப்பி! என்ன கைராசி அந்த வைத்தியருக்கு!" என்று துள்ளிக்கொண்டு மடுவுக்கு ஓடினான்.

மடு இல்லை. கரை உடைந்து, நீர் வழிந்து, பன்றிக் குளம்புகள் உழுத சேறு மட்டும் கிடந்தது. ஒரு கிழங்கு இல்லை. மீன்கள் வாயைப் பிளந்து செத்துக் கிடந்தன. நீர்நாய் கரையில் நின்றுகொண்டிருந்தது.

"மூச்சு விடக் கூடாது என்று சொன்னேனே, சடையா!"

"விடவில்லையே! தலை வெடிக்கிற அளவுக்கு அடக்கினேன்! நீருக்குள் ஒரு தடவைகூட ஒழுங்காக விடவில்லை!"

நீர்நாய் அவனையே பார்த்தது. அதற்குச் சிரிப்பும் வரவில்லை.

"அட மடையா! மூச்சை அடக்கினால் கெட்ட காற்று உள்ளேயே தங்கித் தலையைப் பிளக்கும். இழுத்து, நிதானமாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டாமா? கிழங்கு இருக்கிற விஷயத்தைப் பற்றியல்லவா மூச்சு விடாதே என்றேன்!"

"அதை முழுதாகச் சொல்லியிருக்கலாமே!"

"முழுதாகத்தான் சொன்னேன். நீ பாதியில் குதித்துவிட்டாய்."

நீர்நாய் கரையை விட்டு இறங்கியது. ஆறு எங்கே இருக்கிறதோ என்று தேடிக்கொண்டு, வெறும் வயிற்றோடு நடந்து போய்விட்டது.

சடையன் வளைக்குத் திரும்பினான். குட்டிகள் அவன் கையைப் பார்த்தன. பிறகு முகத்தைப் பார்த்தன.

"தலைவலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள் சிலுப்பி.

"போய்விட்டது," என்றான் சடையன், தலையைக் குனிந்துகொண்டு.

"நல்லது," என்றாள் அவள். "பிள்ளைகளைக் கிளப்புங்க. மழை எந்தத் திசையில் பெய்யுதோ, அங்கே போவோம்."

பாதி கேட்டு முழுதும் தெரிந்ததாகத் தலையாட்டுகிறவன், விட வேண்டியதை அடக்கி, அடக்க வேண்டியதை விட்டு, தன் பிள்ளைகளின் சோற்றையும் உதவ வந்தவனின் வீட்டையும் சேர்த்தே கெடுப்பான்.