இனாமாக வந்த சொல்

ஒரு ஊரில் ஒரு சொல் இருந்தது. மூன்றே எழுத்து. 'வெறும்' என்று பெயர்.

அந்தச் சொல்லுக்குக் கடைவீதியில் வேலை. ஃபிரிட்ஜும் டிவியும் விற்கிற மூன்று மாடிக் கடையின் நெற்றியில் பெரிய பலகை ஒன்று மாட்டியிருந்தார்கள். அதில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்ற தொகை நின்றது. ஆயிரம் என்ற கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதென்று கடைசிப் படியில் காலை ஊன்றிக்கொண்ட தொகை அது. முதலில் தனியாகத்தான் நின்றது. வருகிறவர் போகிறவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். முதலாளி யோசித்தார். தொகைக்கு முன்னால் இந்தச் சின்னச் சொல்லைக் கொண்டுவந்து நிறுத்தினார். 'மாதம் வெறும் 999' என்று ஆயிற்று. அன்று சாயங்காலமே கடைவாசலில் வண்டி நிறுத்த இடமில்லை.

சொல்லைக் குறை சொல்ல முடியாது. அதட்டாது, பொய் பேசாது. அதற்கு இருந்தது ஒரே ஒரு பலவீனம். தனியாக நிற்க வராது. சாய்ந்துகொள்ளப் பின்னால் ஏதாவது ஒன்று வேண்டும்.

அதே ஊரில் சாந்தாமணி என்று ஒரு தையல்காரி இருந்தாள். லைன் வீட்டின் முன்னறையில் ஒரு தையல் மிஷின், அதன் பக்கத்தில் ஒரு முக்காலி. தொழிற்சாலை அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது, மூன்று தீபாவளி போனஸைச் சேர்த்து வைத்து, மொத்தப் பணத்தையும் கொடுத்து வாங்கிய மிஷின் அது. டேப் கழுத்தில் கிடந்தாலும், வெட்டுவதற்கு முன் துணியைக் கையால் ஒரு தடவை முழம் போட்டுப் பார்த்துவிடுவாள். டேப் சொல்வதைவிடக் கை சொல்வதில்தான் அவளுக்கு நம்பிக்கை.

அந்த வருஷம் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. ஞாயிற்றுக்கிழமை வைத்த கறிக்குழம்பு திங்கட்கிழமை காலையில் நுரைத்து நின்றது. அதைக் கீழே கொட்டும்போது சாந்தாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினால் என்ன என்று நினைத்தாள். அதில் தப்பொன்றும் இல்லை.

விலை கேட்கத்தான் கடைக்குப் போனாள். ஆனால் வாசலில் ஏறும்போதே பலகையில் இருந்த சொல் அவள் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளே போய் அவள் கேட்டது, மாசம் எவ்வளவு வரும் என்று. விற்பனைக்கு நின்ற கோகுல் என்ற பையன் சந்தோஷப்பட்டான். விலை கேட்கிறவர்கள் வீட்டுக்குப் போய் யோசிப்பார்கள். மாசம் எவ்வளவு என்று கேட்கிறவர்கள் அங்கேயே கையெழுத்துப் போடுவார்கள். இருபது மாசம், வெறும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, அஞ்சாம் தேதியானால் பேங்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை என்றான். சாந்தாமணி ஆதார் கார்டைக் கொடுத்தாள்.

ஃபிரிட்ஜ் வந்தது. சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கூடவே ஒரு ஹாட் பாக்ஸும் இனாமாக வந்தது. திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்து மூடி வைத்தாள். அதற்குள்தான் அந்தச் சொல் இருந்தது.

மூன்றாம் மாசம் கோகுல் போன் செய்தான். நீங்கள் ஒழுங்காகக் கட்டுகிற ஆள் என்பதால் உங்களுக்கு இன்னும் லிமிட் இருக்கிறது, வாஷிங் மிஷின் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். சாந்தாமணி தயங்கினாள். கையில் கொஞ்சம் சேரட்டும் என்றாள்.

"சேர்த்து எப்பங்க்கா வாங்கறது? துணி தொவைக்கற நேரம் மிச்சமானா தெனம் ரெண்டு ஜாக்கெட் கூடத் தைப்பீங்க. மொதல் போடாம வரும்படி வருமா? வெறுங்கை முழம் போடுமாங்க்கா?"

பழமொழி சொன்னால் நம் ஆட்களுக்குக் கணக்கு மறந்துவிடும். வாஷிங் மிஷினும் வந்தது. தீபாவளிக்குச் சாந்தாமணியின் புருஷன் நாச்சிமுத்து தன் பங்குக்குச் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி எடுத்து வந்தான். கோழிப்பண்ணை வண்டி ஓட்டுகிறவன் அவன். பகலெல்லாம் கோழிகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருகிறவனுக்கு ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்க ஆசை இருக்காதா?

இப்போது வீட்டில் மூன்று விருந்தாளிகள். மூவரும் அஞ்சாம் தேதியானால் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஓடி உழைக்கத் தையல் மிஷின் ஒன்றுதான். ஒரு நாள் மத்தியானம் அது மூச்சு வாங்கியபடி, நான் ஒருத்தி ஓட, நீங்கள் மூன்று பேர் உட்கார்ந்து தின்கிறீர்களே என்று கேட்டுவிட்டது.

"நாங்களா வந்தமா? கூப்பிட்டு வந்தாங்க, வந்தோம்," என்றது ஃபிரிட்ஜ். அதுவும் நியாயம்தான். தையல் மிஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

இதற்கிடையில் ஹாட் பாக்ஸிலிருந்து அந்தச் சொல் வெளியே வந்திருந்தது. கடையில் இருந்தவரை சாய்ந்துகொள்ளத் தொகை இருந்தது. வீட்டில் எதன்மேல் சாய்வது? அடுப்படிக்குப் போய்ச் சோற்றின் முன்னால் நின்றது. அன்றிலிருந்து வீட்டில் வெறும் சோறும் வெறும் ரசமும் ஆயிற்று. குழம்பு வைக்க வாங்கிய ஃபிரிட்ஜில் வைப்பதற்குக் குழம்பு இல்லை. வெறும் தண்ணீர் பாட்டில்கள் நின்றன. மார்கழியில் பண்ணையில் சீக்கு வந்து நாச்சிமுத்துவின் வண்டி ஒரு மாசம் ஓடவில்லை. தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. சொல் தன் வாலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு சாந்தாமணியின் காதில் ஏறிக்கொண்டது. வெறுங்காது. அவள் துவாரம் தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகிக்கொண்டு, கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றாள். அது அவளுக்கு வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

தையல் மிஷின் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அந்தச் சொல் மெதுவாக நகர்ந்து தன் பக்கம் வருவதைக் கண்டது.

"யார் நீ?"

"இனாமா வந்தவன். கடையில வேலை பார்த்தேன்."

"அங்கே பெரிய தொகையைச் சின்னதாகக் காட்டினாயாமே. இங்கே என்ன செய்கிறாய்?"

"எனக்கு ரெண்டு வேலை தெரியாது. எதுக்கு முன்னால நிக்கறனோ அதுலிருந்து எதையாச்சும் எடுத்துக்குவேன். கடையில தொகைக்கு முன்னால நின்னு பயத்தை எடுத்தேன். இங்க சோத்துக்கு முன்னால நின்னு குழம்பை எடுத்தேன்."

"என் முன்னால் நின்றால்?"

சொல் கொஞ்சம் சங்கடப்பட்டது. சொன்னேனே, அது நல்ல சுபாவம். "தெரியலை. நின்னு பார்த்தாத்தான் தெரியும்," என்றது.

தை பிறந்த பிறகு வந்த அஞ்சாம் தேதி பேங்கில் பணம் இல்லை. தவணை திரும்பிப் போயிற்று. அதற்கு ஒரு அபராதம், அந்த அபராதத்துக்கு ஒரு போன். நாச்சிமுத்து கெட்டவன் இல்லை. போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறவன். அவனுக்கு ஒரு வழி தோன்றியது. இந்தப் பழைய மிஷினைத் தள்ளிவிட்டால் இந்த மாசத் தவணையைக் கட்டிவிடலாம். தைக்க மோட்டார் மிஷின் எடுத்துக்கொள்ளலாம், அதுவும் தவணைதான், மாசம் வெறும் எழுநூற்றுச் சொச்சம்தான் என்றான். சாந்தாமணிக்கும் வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் காலையில் பழைய சாமான் எடுக்கிற கருப்பணன் தட்டு ரிக்‌ஷாவோடு வந்து நின்றார். மிஷினைச் சுற்றி வந்தார். சக்கரத்தைச் சுண்டிப் பார்த்தார். அவ்வளவு நாளும் வீட்டைச் சுமந்த சக்கரம் அது. சொல் ஓடி வந்து அவர் நாக்கில் ஏறியது.

"இது வெறும் இரும்புங்க அம்மிணி. எடைக்குத்தான் போகும்."

சாந்தாமணி நிமிர்ந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"வெறும் இரும்புன்னு சொன்னனுங்க."

அவளுக்கு அந்தச் சொல்லை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று தேடினாள். சட்டியில் இருந்த ரசத்தைப் பார்த்தாள். ஃபிரிட்ஜைப் பார்த்தாள். கை தானாகக் காதுக்குப் போயிற்று. அப்புறம் கடை வாசலும் பலகையும் ஞாபகத்துக்கு வந்தன. பத்து மாசமாக வீட்டுக்குள் நடமாடிய ஒன்றை அன்றைக்குத்தான் முகத்துக்கு முகம் பார்த்தாள். மூன்று தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்காமல் சேர்த்த காசை இவர் வெறும் இரும்பு என்கிறாரே என்று அவளுக்குக் கோபம் வந்தது. கருப்பணன்மேல் இல்லை.

"மிஷின் குடுக்கறதுக்கு இல்லைங்க," என்றாள். "அந்த டிவியையும் துணி தொவைக்கறதையும் பாருங்க."

"ஏம் புள்ள," என்றான் நாச்சிமுத்து.

"பாட்டு நான் பாடறனுங்க. இந்தத் தையல் மிஷின் போச்சுன்னா எந்திரிக்க முடியாதுங்க."

நாச்சிமுத்து டிவியை ஒரு தடவை பார்த்தான். பிறகு அவனே போய் அதன் ஒயரைப் பிடுங்கினான்.

இரண்டுக்கும் சேர்த்து வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. வந்ததில் டிவியின் தவணை முடிந்தது. வாஷிங் மிஷின் வீட்டை விட்டுப் போன பிறகும் அதன் தவணை மட்டும் மாசாமாசம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிற்று. ஆனி மாசம் பூராவும் ஸ்கூல் யூனிபார்ம் தைத்து அதை அனுப்பி வைத்தாள். ஃபிரிட்ஜை அவள் அனுப்பவில்லை. அது வேண்டும் என்று வாங்கியது. இருபது மாசமும் கட்டினாள். தோடு மட்டும் இன்னும் திரும்பவில்லை.

கடைசித் தவணை போன மறுநாள், பாக்கி இல்லை என்று எழுதிய காகிதத்தை வாங்கப் புருஷனும் பெண்சாதியும் கடைக்குப் போனார்கள். கோகுல் காகிதத்தை நாச்சிமுத்துவிடம் கொடுத்தான். கொடுத்த கையோடு அவர்களை ஒரு மோட்டார் தையல் மிஷினுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். நல்ல மிஷின்தான். வழவழவென்று இருந்தது. மாசம் வெறும் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றான்.

"தம்பி, அந்த 'வெறும்'ங்கறத விட்டுப்போட்டு மொத்த வெலையச் சொல்லுங்க."

அந்தக் கடையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோகுல் கால்குலேட்டரைத் தட்டினான். தொகை வெளியே வந்தது. முன்னால் பிடித்துக்கொள்ள யாரும் இல்லாமல் தன் முழு உயரத்துக்கும் எழுந்து நின்றது. சாந்தாமணி அதை மேலும் கீழும் பார்த்தாள். திட்டவில்லை, பயப்படவும் இல்லை. இவ்வளவு சேர எத்தனை ஜாக்கெட் தைக்க வேண்டும் என்று யோசித்தாள்.

"சேர்ந்ததும் வர்றனுங்க," என்றாள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட போறீங்களேக்கா," என்றான் கோகுல்.

அவன் சொல்லி வாய் மூடவில்லை, சொல் அவள் கையில் ஏறிக்கொண்டது. பழைய வீட்டுக்கே திரும்பப் போகிறோம் என்று அதற்கு ஏக சந்தோஷம். வழியெல்லாம் அவள் கையில் எதை எடுக்கலாம் என்று தேடிக்கொண்டே வந்தது. காசு இல்லை, பை இல்லை, வளையல்கூடக் கண்ணாடிதான்.

வீட்டு வாசலில் பக்கத்துத் தெரு பாப்பாத்தி ஜன்னல் திரைக்குத் துணியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவசரம் என்றாள். டேப்பைத் தேடினார்கள். முக்காலிக்குக் கீழே, துணிக் குப்பையில், எங்கேயும் காணோம். துணி போதுமா போதாதா என்று பார்க்க முடியாதே, நாளைக்கு வரட்டுமா என்று பாப்பாத்தி கேட்டாள்.

"இருங்க," என்றாள் சாந்தாமணி.

துணியைத் தரையில் விரித்தாள். ஓரத்தில் முழங்கையை ஊன்றினாள். விரலை நீட்டினாள். சொல் அந்தக் கையின் முன்னால் நின்று துழாவித் துழாவிப் பார்த்தது. ஊசி குத்திய தழும்புகள் இருந்தன. எடுத்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை.

வெறுங்கை முழம் போட்டது.