ஞாயிற்றுக்கிழமைக் கோடுகள்

இந்த விவகாரத்தில் மனிதர்களை விட்டுவிட்டால் சாட்சிகள் மூன்று: ஒரு படிகம், ஒரு கணக்கு, ஒரு நோட்டுப் புத்தகம். மூன்றில் ஒன்று பொய் சொல்கிறது என்பதில் அன்று அறையில் இருந்த யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எது என்பதும் தெரிந்துவிட்டதாகவே நினைத்தார்கள்.

பாளையங்கோட்டைக்கு வெளியே, குணமாகாத நோயாளிகளைக் கடைசி நாள்வரை வைத்துப் பார்க்கும் இல்லம் ஒன்று இருந்தது. அங்கே நான்காம் எண் கட்டிலில் சங்கரபாண்டியன் என்ற ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு நான்கு மாதம் கிடந்தார். தானாகத் திரும்பிப் படுக்க உடம்பில் வலுவில்லை. அப்படிப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் படுக்கைப் புண் வரும். காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை அந்தப் பொறுப்பு நர்ஸ் ஜெபசெல்வியுடையது. ஞாயிறு அவளுக்கு விடுமுறை. வேறொரு நர்ஸ் வருவாள்.

ஜெபசெல்வியின் கைப்பேசியில் அலாரம் உண்டு. அது அடித்தால் வாயில் சோறு இருந்தாலும் எழுந்துவிடுவாள். பேசும் சக்தி போவதற்கு முன் கிழவர் அவளைக் கேலி செய்வார். “ரயிலே லேட்டா வரும், நீ லேட்டா வரமாட்டேங்கியே தாயி. முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வண்டிய நான் பாக்கல.”

அதே கட்டிலில் ஓர் ஆய்வும் நடந்தது. வாய் திறக்க முடியாதவரின் வலியை மூச்சை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா என்பது கேள்வி. திடப்பொருள் இயற்பியலாளர் ஹனீபா, அழுத்தம் மாறினால் மின்சாரம் காட்டும் மெல்லிய படிகத் தகடு ஒன்றைச் செய்து மெத்தைக்கு அடியில் வைத்தார். பகல் பன்னிரண்டு மணி நேரமும் அது பதிவு செய்யும். அந்தப் பதிவிலிருந்து வேண்டாத இரைச்சலைக் கழித்து மூச்சை மட்டும் பிரித்தெடுப்பது கணிதப் பேராசிரியர் சுபத்ராவின் வேலை.

கிழவர் இறந்தார். மகன் கோமதிநாயகம் தன் கையாலேயே அப்பாவைக் குளிப்பாட்டினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இல்லத்துக்கு வந்து, “முதுகுல ஒரு சிவப்புத் தடம்கூட இல்ல. நல்லா வச்சிருந்தீங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து ஆய்வின் முடிவைக் காட்ட அவரையும் அழைத்தார்கள். திரையில் மூச்சு அலை அலையாக ஓடியது.

“இந்தப் படத்துல நடுநடுவே குத்துக்கோடு நிக்குதே, அது என்ன?” என்றார் கோமதிநாயகம்.

“புரட்டிப் படுக்க வச்சா அப்படி ஓர் அதிர்வு வரும்” என்றார் சுபத்ரா. “இது ஒரு ஞாயிற்றுக்கிழமை.”

“மத்த நாள்ல காணோமே?”

சுபத்ரா வேறு நாட்களைத் திரையில் கொண்டுவந்தார். திங்கள், செவ்வாய், புதன். ஒரு கோடுகூட இல்லை. நான்கு மாதமும் அப்படித்தான். ஞாயிறுகளில் மட்டும் கோடுகள், அதுவும் தாறுமாறான இடைவெளியில்.

இல்லத்தின் தலைமை மருத்துவர் எபனேசர், புரட்டிய நேரத்தை நர்ஸ்கள் குறித்துவைக்கும் நோட்டுப் புத்தகத்தை வரவழைத்தார். ஞாயிறுகளில் 10.20, 12.45, 3.05 என்று மனிதர்கள் எழுதுகிற மாதிரி இருந்தது. மற்ற நாட்களில் எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. ஒரு நிமிடம் முன்பின் இல்லை. ஒரே நீல மை.

“எல்லாத்தையும் ஒரே தடவையா உக்காந்து எழுதுனியா?” என்று ஜெபசெல்வியைக் கூப்பிட்டுக் கேட்டார் மருத்துவர்.

“அலாரம் அடிக்கும், பெரட்டுவேன், எழுதுவேன் சார். இதுக்கு மேல என்ன சொல்ல?”

ஹனீபா தன் தகட்டை விட்டுக்கொடுக்கவில்லை. “கட்டில்ல கை வச்சாலே காட்டும். ஆளையே பெரட்டினா காட்டாம இருக்காது.”

மருத்துவர் சுபத்ராவிடம் திரும்பினார். “நீங்க எதையாவது கழிச்சீங்களா?”

“மனுஷ அசைவு எதையும் தொடல. ஏசி நின்னு நின்னு ஓடும், குளிர்பெட்டி மோட்டாரும் அப்படித்தான். ஒரே இடைவெளி மாறாம திரும்பத் திரும்ப வர்றத மட்டும் எடுத்துட்டேன். மூச்சுகூட கொஞ்சம் முன்னே பின்னே வரும். இயந்திரம்தான் பிசகாது.”

கோமதிநாயகம் எழுந்தார். “எங்கப்பா நாலு மாசம் கட்டை மாதிரி கெடந்திருக்காரு. நான் வந்து கும்பிட்டுட்டு வேற போயிருக்கேன்.” அன்றே எழுத்தில் புகார் கொடுத்தார். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று ஜெபசெல்வியை அனுப்பிவிட்டார்கள். கடமை தவறினாள், பொய்க்குறிப்பு எழுதினாள் என்று முடிவானால் இனி எந்த மருத்துவமனையும் அவளை எடுக்காது.

இனி உங்கள் முறை. நோட்டுப் புத்தகம் புரட்டியதாகச் சொல்கிறது. திரை இல்லை என்கிறது. ஜெபசெல்வி கிழவரைப் புரட்டினாளா, இல்லையா? புரட்டினாள் என்றால், அந்தக் கோடுகள் எங்கே போயின?

விடை: புரட்டினாள். முதல் சான்று மகன் கழுவிய முதுகு. நான்கு மாதம் பகலெல்லாம் ஒரே பக்கம் கிடந்தவருக்கு முதுகு அப்படி இருக்காது. பார்த்தவரே அதை மறந்துவிட்டார். கோடுகளை அழித்தது கணக்கு. இடைவெளி மாறாமல் வருவதெல்லாம் இயந்திரம் என்று சுபத்ரா முடிவு செய்திருந்தார். ஜெபசெல்வியோ அலாரத்துக்கு இம்மியும் பிசகாமல் வந்துகொண்டிருந்தாள். ஏசியோடு சேர்த்து அவளையும் கழித்தாயிற்று. ஞாயிறு நர்ஸ் தாமதமாக வந்ததால் அவளுடைய கோடுகள் தப்பின. ஹனீபா கழிக்காத மூலப் பதிவைத் திறந்தபோது, ஞாயிறு தவிர எல்லா நாளும் ஆறு கோடுகள், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நின்றன. அவள் வேலைக்குத் திரும்பினாள். கோமதிநாயகம் மன்னிப்புக் கேட்க வந்தார். அவர் பேசி முடிப்பதற்குள் அலாரம் அடித்தது. அவள் எழுந்து, நான்காம் எண் கட்டிலுக்குப் புதிதாக வந்திருந்த நோயாளியைப் புரட்டப் போய்விட்டாள்.